பதினேழாவது கொசுவம்

நான்கு கைலி எடுத்தோம், ஒரே கட்டம், ஒரே சாயம்:
கரும்பச்சை, காவி, இடையில் நூலளவு மஞ்சள்.
"வீட்டுல நாலு ஆம்பளைங்களா?" என்றார் பினாங்கு ஸ்ட்ரீட் கடைக்காரர்.
"ஒருத்தர்தான். கொஞ்சம் அகலம்."

கில்ட் என்றால் கம்பளியாம். எட்டு கஜம்.
அதைக் கட்டிக்கொண்டு இந்த வெயிலில் இறங்குகிறவன்
வீடு வந்து சேரமாட்டான், வழியிலேயே வடிந்துபோவான்.
பழவேற்காட்டுக் கட்டமும் கட்டம்தானே.
ஒரு கடல் தாண்டி வந்த துணி
இன்னொன்றும் தாண்டிவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும்.

சேலைக்குக் கொசுவம் வைத்துப் பழகிய கை எனக்கு.
விரலிடுக்கில் ஆறு மடிப்பு, இடுப்பில் ஒரு செருகல், கிளம்பிவிடலாம்.
இதில் இருபத்தாறு.
துணியின் பெரும்பகுதி உள்ளே ஒளிந்த பிறகும்
வெளியே கட்டம் கலையக்கூடாது,
மஞ்சள் வந்து மஞ்சளைத் தொடவேண்டும்.
மூன்று மாதம், ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு,
பதினோராம் மாடியில், காற்றாடியை நிறுத்திவிட்டு.

நவநீதன் அதுவரை என் கோர்செட்டில் இருந்தான்.
அந்தக் காலத்தில் திமிங்கில எலும்பு வைப்பார்களாம்.
இவன் பாயான் லெப்பாஸில் மின்கம்பி இழுக்கிறவன்.
பதினெட்டு வெள்ளிக்கு ஒரு பை கேபிள் டை வாங்கி
முனை நறுக்கி, அரத்தால் தேய்த்து,
என் விலா ஒவ்வொன்றுக்கும் துணைக்கு ஒன்றாகச் செருகினான்.
பின்பக்கம் தூக்கி நிற்கப் பிரம்பில் ஒரு கூண்டு;
கோழி அடைக்கலாம்.
அதன்மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்பது கஜம்.
நூற்று நாற்பது வருடத்து மோஸ்தர்.
என் இடுப்பளவில் அன்றைக்கு யாரும் வெட்டியிருக்கமாட்டார்கள்.

"வெள்ளைக்கார வேஷமா?" என்றான் தம்பி.
"துரைசானி கவுனைத் துவைச்சுக் காயப்போட்டவ நம்ம ஆளு, தெரியுமில்ல?"
தெரியும்.
அவளும் ஒருநாள், ஈரம் சொட்டச் சொட்ட,
அதைத் தன் தோளில் வைத்து அளந்து பார்த்திருப்பாள்.

பாடாங் கோத்தாவில் கடல்காற்று.
ஒரு கையால் தொப்பியை, மறுகையால் புருஷனின் முன்மடிப்பை
பிடித்துக்கொண்டு நடந்தேன்.
படப்பிடிப்பா? கல்யாணமா? என்ன விசேஷம்?
"ஞாயித்துக்கிழமை" என்றான் எல்லோருக்கும்.

பிளாஸ்டிக் முக்காலியில் கூண்டு உட்காராது.
பசெம்பூரை நின்றுகொண்டே தின்றேன்.
அவன் உட்கார்ந்தான்.
"முழங்காலைச் சேர்த்து வை."
எட்டு வயதிலிருந்து என் காதில் விழுந்த வாக்கியம்,
முதன்முதலாய் என் வாயிலிருந்து.
பாவம், சேர்த்து வைத்தான்.

பக்கத்து மேசைச் சீன அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள்.
"ஜாஹிட் செண்டிரி?"
ஆமாம் என்றோம், சொந்தத் தையல்தான்.
தைக்கத் தெரிந்தவர்கள் வெளிப்பக்கத்தை நம்புவதில்லை.
விளிம்பைப் புரட்டினாள், உள்தையலில் விரலை ஓட்டினாள்,
ஒன்று, இரண்டு என்று போய்ப் பதினேழில் நிறுத்தினாள்.
மஞ்சள், மஞ்சளை ஒரு நூல் தவறவிட்ட இடம்.
என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் தன் கோப்பிக்குத் திரும்பினாள்.

எனக்கு அப்புறம் கடல் தெரியவில்லை.

ஸ்காட்லாந்து மலைக்காரர்கள் காலுறையில் கத்தி செருகுவார்களாம்.
இவன் காலையிலேயே செருகியிருந்தான்,
தையல் பிரிக்கிற முள்ளை.
கிண்டல் என்று நினைத்து நானும் சிரித்திருந்தேன்.

வீட்டில் என் முதுகுக்குப் பின்னால்
கண்ணாடி போட்டுக்கொண்டு கயிறு அவிழ்த்தான், இருபத்துநான்கு துளை.
வயிறு, அழைக்காத விருந்தாளியாய்,
மெல்ல வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.
தோலில் கேபிள் டை பதிந்த வரிகளை
கட்டைவிரலால் ஒவ்வொன்றாய்த் தேய்த்துவிட்டான்.

"அந்த முள்ளைக் குடு."
"எதுக்கு?"
"பதினேழு."
"அது நீ தூங்கி விழுந்த ராத்திரி" என்றான்,
"ஊசியை நான்தான் கையிலேர்ந்து எடுத்தேன்."

கில்ட்டை மடித்து நாற்காலியில் வைத்தான்.
அந்தப் புழுக்கத்தில்
காலுறையைக் கழற்றாமல் படுத்துவிட்டான்.